ஸ்ட்ரீட் கார் போட்டிக்கு பாயிண்ட்ஸ் எப்படி போட்டா நியாயமா இருக்கும்?

கேள்வி: எங்க கிளப்ல ஆட்டோகிராஸ் (கோன் வெச்ச கோர்ஸ்ல ஒவ்வொரு காரா டைமுக்கு ஓட்டுறது), ஸ்பீட் ஸ்டாப் (வேகமா போய் குறிச்ச இடத்துல நிறுத்துறது), டிராக் லேப், அப்புறம் ஜட்ஜுங்க காரை பார்த்து குடுக்குற டிசைன் மார்க், இந்த நாலையும் சேர்த்து போட்டி நடத்துறோம். ஓட்டுற மூணுக்கும் முதல் இடத்துக்கு 100, ரெண்டாவதுக்கு 99ன்னு இறங்கிட்டே போகும், டிசைன் மார்க்கை 100க்கு அப்படியே கூட்டிக்கிறோம். ஜெயிக்கிறவர் நிஜமாவே பெஸ்ட்டான்னு ஒவ்வொரு தடவையும் சண்டை. என்ன மாத்தணும்?

பதில்: சண்டை போடுறவங்க பக்கம் நியாயம் இருக்கு. இடத்தை வெச்சு பாயிண்ட் குடுத்தா 0.01 செகண்ட்ல ரெண்டாவது வந்தவருக்கும் ஒரு பாயிண்ட்தான் குறையும், 3 செகண்ட் பின்னாடி வந்தாலும் ஒண்ணுதான் குறையும். அதைவிட மோசம், ரெண்டு பேருக்கு நடுவுல மூணாவதா ஒரு கார் பூந்துட்டா அவங்க ஓட்டுனதுல எதுவுமே மாறாம அவங்க இடைவெளி மட்டும் மாறிடும்.

அதனால டைமை வெச்சு போடுங்க. ஆனா பெஸ்ட் டைமை உங்க டைமால வகுத்து 100ஆல பெருக்குறதோட நிறுத்திடாதீங்க, எல்லாரும் மொதல்ல அங்கதான் மாட்டுவாங்க. பெஸ்ட் 40 செகண்ட்னா 45ல வந்தவருக்கு 88.9 கிடைச்சிடும், கிட்டத்தட்ட எல்லாரும் 85க்கு மேலதான் நிப்பாங்க, அந்தப் பக்கம் டிசைன்ல ஒருத்தருக்கு 90, இன்னொருத்தருக்கு 60. அந்த 30 பாயிண்டை ஒரு ஈவென்ட்ல எப்படி ஓட்டியும் புடிக்க முடியாது. பேப்பர்ல நாலும் சமமா 100தான், ஆனா எதுல மார்க் அகலமா சிதறுதோ அதுதான் சாம்பியனை முடிவு பண்ணும். நீங்க கவனிக்க வேண்டிய விஷயமே இதுதான்.

மாணவர்கள் கார் கட்டி ஓட்டுற ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியில இதுக்கு நல்ல வழி வெச்சிருக்காங்க. பெஸ்ட் டைமுக்கு மேல ஒரு எல்லை, பெஸ்ட்ல 125% மாதிரி, ஈவென்ட்டுக்கு ஈவென்ட் மாறும். எல்லை டைமை உங்க டைமால வகுத்து 1 கழிங்க, எல்லையை பெஸ்ட்டால வகுத்து 1 கழிங்க, முதல் விடையை ரெண்டாவதால வகுத்து 100ஆல பெருக்குங்க. பெஸ்ட் 40, எல்லை 50ன்னா 41 செகண்டுக்கு 87.8, 45க்கு 44.4. இப்ப ஓட்டுறதுக்கு மதிப்பு வந்துடுச்சா! ஓடி முடிச்சாலே ஒரு நாலஞ்சு பாயிண்ட் உண்டுன்னும் வெச்சுடுங்க, எல்லை தாண்டுனாலும் சரி, பாதியில நின்ன காரை விட மெதுவா முடிச்ச கார் மேல இருக்கணும்.

கோனை தட்டுனா டைம்ல கூட்டுற பெனால்டிலயும் இதே கணக்குதான். அமெரிக்காவுல எஸ்சிசிஏங்கற கார் கிளப்போட ஆட்டோகிராஸ்ல கோனுக்கு 2 செகண்ட், 40 செகண்ட் கோர்ஸ்ல அது நம்ம ஃபார்முலாபடி 100ஐ 76 ஆக்கும், ஓகே. அதையே 10 செகண்ட் ஸ்பீட் ஸ்டாப்ல போட்டா ஒரே கோன்ல 17க்கு விழுந்துடுவாரு, அன்னைக்கு அவர் கதை முடிஞ்சுது. அங்க எல்லை 150%, கோனுக்கு 1 செகண்ட்னு வைங்க, 73 கிட்ட வரும்.

டிசைனுக்கு எல்லா ஜட்ஜும் எல்லா காரையும் பார்க்கணும், அதுவும் ஓட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, டைம் தெரிஞ்சா கை தானா சாயும். லைட், வைப்பர், ஹாரன் வேலை செய்யுதா, ரோட்டுல தானா ஓடி வந்துச்சாங்கறதுக்கு மார்க்கே வேணாம், இல்லன்னா என்ட்ரி கிடையாது, அவ்வளவுதான். டயருக்கு ட்ரெட்வேர் (டயர் எவ்வளவு மெதுவா தேயும்னு காட்டுற நம்பர், குறைய குறைய ரேஸ் டயர் மாதிரி) குறைஞ்சது 200னு எழுதி வைங்க.

கடைசியா போன தடவை டைம் எல்லாத்தையும் புது ஷீட்ல போட்டு ஈவென்ட் ஈவென்ட்டா சிதறலை பாருங்க, டிசைன் இன்னும் ரெண்டு மடங்கு அகலமா இருந்தா அதோட வெயிட்டை பாதியாக்குங்க. மொத்தம் டை ஆனா யார் மேலங்கறதையும் என்ட்ரி ஓபன் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நான்னா டிராக் லேப் டைமை எடுத்துப்பேன்.