சைக்கிள் பந்தயத்தில் ‘டொமெஸ்டிக்’ என்றால் யார்?

தொழில்முறை சாலை சைக்கிள் பந்தயங்களில், தான் ஜெயிப்பதற்காக இல்லாமல் அணித் தலைவரை ஜெயிக்க வைப்பதற்காகவே ஓட்டுபவரை ‘டொமெஸ்டிக்’ என்பார்கள். பிரெஞ்சில் வேலைக்காரர் என்று பொருள். கொஞ்சம் கடுமையான பெயர்தான்.

இப்படி ஒருவர் எதற்கு? காரணம் காற்று. சமதளத்தில் வேகமாகப் போகும்போது வீரரின் சக்தியில் பெரும்பகுதி எதிர்காற்றைத் தள்ளவே செலவாகிறது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்குக் கால்பங்கு சக்தியாவது மிச்சமாகும். கூட்ட நெரிசலில் வாட்டசாட்டமான ஒருவர் வழி விலக்கிக்கொண்டு போக, நாம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நழுவிப் போவோமே, அதே கதைதான்.

அப்புறம் தண்ணீர். பின்னால் வரும் அணியின் காருக்குப் போய், ஏழெட்டு பாட்டில்களைச் சட்டைக்குள் முதுகிலும் நெஞ்சிலும் திணித்துக்கொண்டு, மறுபடி மிதித்து முன்னால் போய்ச் சேர வேண்டும். பார்க்க ஒட்டகம் மாதிரி இருக்கும்! தலைவரின் சக்கரம் பழுதானால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பதும் உண்டு. பிரான்ஸின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 1934-இல் 20 வயது ரெனே வியெட்டோ அப்படிக் கொடுத்துவிட்டு, சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுத புகைப்படம் இன்றும் பிரபலம். சக்கரம் வாங்கிய அந்தோனன் மாஞ் அந்த ஆண்டு பட்டம் வென்றார்.

டொமெஸ்டிக் என்றால் திறமை குறைந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2012 டூரில் பிராட்லி விக்கின்ஸுக்கு உதவியாக ஓட்டிய கிறிஸ் ஃப்ரூம் இரண்டாவதாக வந்தார், அடுத்த ஆண்டு பட்டமே அவருக்குத்தான்.