எரிச்சலூட்டும் ஒரு சின்ன விளையாட்டை ஏன் விட முடிவதில்லை?

கேள்வி: பார்க்க ஒன்றுமே இல்லாத, ஆடினால் எரிச்சல் மட்டுமே வருகிற கைப்பேசி விளையாட்டுகளை ஏன் திரும்பத் திரும்ப ஆடுகிறோம்? உங்களுக்கு அப்படி ஒன்று உண்டா?

உண்டு. ஃப்ளாப்பி பர்ட். 2014 தொடக்கத்தில் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் கையில் ஸ்மார்ட்போன் வைத்திருந்த இளவட்டம் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

ஆடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கொழுத்த குருவி தானாகவே முன்னால் போய்க்கொண்டிருக்கும். திரையைத் தட்டினால் ஒரு துள்ளு எழும்பும், தட்டாவிட்டால் விழும். மேலிருந்தும் கீழிருந்தும் பச்சைக் குழாய்கள், நடுவில் ஒரு சந்து. சந்தில் நுழைந்து வந்தால் ஒரு புள்ளி. குழாயில் லேசாக உரசினாலும் ஆட்டம் முடிந்தது. கதை கிடையாது, மூன்று உயிர் என்கிற சலுகையும் கிடையாது. 10 புள்ளி எடுத்தால் வெண்கலம், 20க்கு வெள்ளி, 30க்குத் தங்கம், 40க்குப் பிளாட்டினம். அவ்வளவுதான் மொத்த விளையாட்டும்.

"கஷ்டமாக இருப்பதால்தான் விட முடியவில்லை" என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கஷ்டமான விளையாட்டு எத்தனையோ இருக்கிறது. நாலு தடவை தோற்றதும் அழித்துவிட்டுப் போயிருக்கிறோம். இதில் பிடித்து வைப்பது இரண்டு விஷயம்: தோற்றது யாரால் என்பதில் சந்தேகமே வராது. அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

முதல் குழாயும் நூறாவது குழாயும் ஒரே மாதிரிதான். சந்தின் அகலம் மாறாது, வேகம் கூடாது. சந்து எவ்வளவு உயரத்தில் வரும் என்பது மட்டும்தான் மாறும். அதனால் "மெஷின் ஏமாற்றிவிட்டது" என்று சொல்ல வழியில்லை. ஒரு கணம் முந்தித் தட்டினோம், அல்லது பிந்தித் தட்டினோம். அதுவும் கண்ணெதிரே தெரிகிறது. தெரிந்த தவற்றைத் திருத்தாமல் எப்படி எழுந்து போவது?

இன்னொரு நுணுக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு குழாயைத் தாண்டும் வாய்ப்பு உங்களுக்கு 90 விழுக்காடு என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துக் குழாயைத் தொடர்ந்து தாண்டும் வாய்ப்பு 35 விழுக்காடுதான். நாற்பதைத் தாண்டுவதோ ஒன்றரை விழுக்காடு. இப்போது கை கொஞ்சம் பழகி 90 என்பது 97 ஆகிறது. அதே நாற்பதைத் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஏறிவிடும்! கையில் வந்த முன்னேற்றம் கடுகளவு, திரையில் தெரியும் முன்னேற்றம் பூசணிக்காய். நேற்று வெண்கலத்துக்கே தவித்தவன் இன்று திடீரென்று தங்கம் வாங்குவான். அடுத்த ஆட்டத்திலேயே இரண்டாவது குழாயில் முட்டிக்கொள்வான். அந்தக் கோபத்தில் இன்னொன்று ஆடுவான்.

"கொஞ்சத்தில் போச்சு" என்கிற அந்த எண்ணம் லேசுப்பட்டதில்லை. எங்கள் பெரியப்பா நாலு நம்பர் லாட்டரி வாங்குபவர். கனவில் வந்தது, விபத்தில் நசுங்கிய காரின் எண், பேத்தி பிறந்த தேதி, எதையும் விட மாட்டார். புதன், சனி, ஞாயிறு சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடலாம். நாலு எண்ணும் தப்பிப்போனால் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வார். மூன்று பொருந்தி ஒன்று மாறிப்போனால்தான் வீடே அமர்க்களப்படும். "ஒரே ஒரு நம்பர்மா, ஒரே ஒரு நம்பர்!" அடுத்த குலுக்கலுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடப் போட்டு வாங்குவார்.

லூக் கிளார்க் என்ற கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 2009ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். மயிரிழையில் தவறுவது முழுதாகத் தோற்பதைவிடக் கசப்பாக இருக்கிறது, ஆனாலும் மறுபடி ஆடும் ஆசையைக் கூட்டுகிறது. வென்றால் மூளையில் எந்தப் பகுதிகள் விழிக்குமோ, அவற்றில் சில அப்போதும் விழிக்கின்றன. முக்கியமாக, ஆடுபவர் தானே தேர்ந்தெடுத்து ஆடியபோதுதான் அந்த ஆசை கூடியதாம். பெரியப்பா நம்பரைத் தானே பொறுக்குகிறார், நான் திரையை நானே தட்டுகிறேன். என்ன, அவர் எத்தனை தடவை தோற்றாலும் அடுத்த குலுக்கலில் அவருக்குக் கூடுதல் திறமை வந்துவிடாது. எனக்கு வரும். இதைச் சொன்னால் "உன் குருவி உனக்கு எத்தனை வெள்ளி கொடுத்திச்சு?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

இங்கே இது பரவியதற்கு ஊர் சார்ந்த காரணமும் உண்டு. தோட்டத்துக்குள்ளே போகப் போக, செம்பனை நடுவே, அப்போது இணையம் வந்தால் வரும், போனால் போகும். டாப் அப் தீர்ந்த கைப்பேசியிலும் இது ஓடியது. மலிவான கைப்பேசியிலும் ஓடியது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஆலை வாசலில் எடைக்கு வரிசை கட்டி நிற்கும்போது ஓட்டுநர்கள் ஆடுவார்கள். ஒரு ஆட்டம் சில நொடி என்பதால் வரிசை நகர்ந்தால் உடனே பைக்குள் போட்டுவிடலாம். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்கள் சாலையோரத் தேநீர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒரே கைப்பேசியை மாற்றி மாற்றி ஆடுவார்கள். ஒருவன் ஆட, ஐந்து பேர் தலையை நீட்டிக்கொண்டு பார்ப்பார்கள். முட்டிக்கொண்டதும் எழும்பும் சத்தத்தைக் கேட்டு, "தே தாரேக் ஆறிப் போச்சு, குடிச்சிட்டுக் கத்துங்கடா" என்று கடைக்கார அக்கா சொல்வார். தனியாக ஆடினால் எரிச்சல், கூட்டத்தில் ஆடினால் அதே எரிச்சல் கூத்து. எனக்குக் கூத்துதான் அதிகம் பிடித்தது.

இதைச் செய்தவர் ஹனோயில் இருந்த டாங் நுயென் என்ற வியட்நாம் இளைஞர். 2013 மே மாதம் வெளியிட்டார். மாதக்கணக்கில் யாரும் சீண்டவில்லை. 2014 ஜனவரியில் திடீரென்று பதிவிறக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 50,000 அமெரிக்க டாலர் வருவதாக அவரே சொன்னார். அப்போது தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி! பிப்ரவரி 8 அன்று, இதற்கு மேல் தாங்க முடியாது, எடுத்துவிடப் போகிறேன் என்று டுவிட்டரில் எழுதினார். சொன்னபடியே எடுத்தும்விட்டார். ஓய்வாக இருக்கும்போது சில நிமிடம் ஆடுவதற்காகத்தான் இதை உருவாக்கினேன், ஜனங்கள் அடிமையாகிவிட்டார்கள் என்பது அவர் பின்னால் சொன்ன காரணம். ஒட்டுக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. "பைத்தியமாண்ணே அவன்?" என்றவர்கள்தான் அதிகம். நான் அவர் பக்கம். ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஆட முடிந்தது; அதனால் கோபத்தில் அழித்துவிட்டவர்கள் அவர்களிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று.

ஆட நினைப்பவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் சொல்கிறேன். குருவியைப் பார்க்காதீர்கள், அடுத்த கீழ்க்குழாயின் விளிம்பைப் பாருங்கள். விழும்போது வேகம் கூடிக்கொண்டே போகும், அதனால் பதறிப்போய் இரண்டு தட்டுத் தட்டத் தோன்றும். அங்கேதான் மேல்குழாயில் முட்டும். விளிம்புக்குக் கொஞ்சம் மேலே வரும்வரை விழவிட்டு ஒரே தட்டு.

அசல் போனபிறகு அதே மாதிரி நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. எதை இறக்கலாம் என்று கேட்டால், தோற்றவுடன் அடுத்த ஆட்டம் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு முறை முட்டியதும் அரை நிமிட விளம்பரம் காட்டினால், கை சூடாக இருக்கும்போதே திருத்திக்கொள்ளும் சுகம் போய்விடும், வெறும் எரிச்சல்தான் மிஞ்சும். கேண்டி கிரஷ் மாதிரி ஐந்து உயிர் கொடுத்து, தீர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம் காத்திரு அல்லது காசு கொடு என்பதும் எனக்கு ஒத்துவராது. என் அக்கா மகள் அதில் கெட்டிக்காரி. உயிர் தீர்ந்ததும் கைப்பேசியின் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்துவிட்டு ஆடுவாள். அவள் கைப்பேசியில் மணி பார்த்துவிட்டு யாரும் பஸ் பிடிக்க ஓடாதீர்கள்.