இண்டக்‌ஷன் அடுப்பு ஆன் பண்ணதும் எரர் காட்டி நின்னுடுது, தட்டுனா கொஞ்ச நேரம் ஓடுது. டெம்பரேச்சர் சென்சார் போயிருச்சா?

தட்டுனா ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. செத்துப்போன சென்சார் தட்டுறதுக்கெல்லாம் பயப்படாது, பெரும்பாலும் ஒயர் லூசாத்தான் இருக்கும்.

திறக்கிறதுக்கு முன்னாடி பிளக்கையே புடுங்கிடுங்க, சுவிட்ச் ஆஃப் பண்ணா பத்தாது, உள்ள இருக்குற கெப்பாசிட்டர்ல கரண்ட் கொஞ்ச நேரம் தங்கும், அதனால கொஞ்ச நேரம் விட்டுட்டுத் திறங்க, அப்பவும் போர்டு மேல கை வேணாம்.

மேல் கண்ணாடியைத் தூக்குனா செம்புக் காயில் நடுவுல வெள்ளை பேஸ்ட் தடவி, ரெண்டு மெல்லிசு ஒயரோட குட்டியா ஒண்ணு இருக்கும், அதான் சென்சார். அந்த ஒயர் போர்டுல சொருகுற இடத்தைப் பாருங்க. ஃபேன் காத்தோட நாம தாளிக்கிற எண்ணெய்ப் புகையையும் சேத்துத்தான் உள்ள இழுக்குது, போதாததுக்கு கரப்பான் பூச்சி வேற. எங்க வீட்டு அடுப்புல பின் கறுத்துப் போயிருந்துச்சு, கான்டாக்ட் கிளீனர் அடிச்சு திரும்ப இறுக்கிச் சொருகுனதுதான், வேற ஒண்ணும் மாத்தல.

அப்பவும் சந்தேகம்னா அந்த கனெக்டரைக் கழட்டி மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு ரெண்டு ஒயர்லயும் பிடிங்க. நிறைய மாடல்ல இது 100 கிலோ ஓம் என்டிசி, அதாவது சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்குற வகை சென்சார். இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க, வீடியோல 100 காட்டணும்னு சொல்லுவான், நம்ம மீட்டர்ல 80 காட்டும், உடனே சென்சார் அவுட்டுன்னு முடிவு கட்டிடுவோம். அந்த 100ங்கிறது 25 டிகிரி சூட்டுக்கான கணக்குலா! கோலாலம்பூர்ல ஏர்கான் இல்லாத சமையலறை 30 டிகிரி இருக்கும், அதுக்கு சுமார் 80தான் சரி. விரலால பிடிச்சா மெல்ல இறங்கணும், விட்டா ஏறணும். ஒயரை ஆட்டும்போது நம்பர் குதிச்சா லூசு, மீட்டர் அளக்க முடியாம ஓஎல்னே (OL) காட்டிட்டு நின்னா அறுந்துருச்சு, ஜீரோ பக்கம் நின்னா ஷார்ட்.

மாத்தணும்னா கோலாலம்பூர் ஜாலான் பாசார்ல எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைங்க இருக்கு, சில வெள்ளிதான் ஆகும், பழசையும் மாடல் நம்பரையும் கொண்டு போய்க் காட்டுங்க. வேற மதிப்பு உள்ளதைப் போட்டா எரர் வேணா போயிரும், ஆனா அடுப்புக்குச் சூடு தப்பாத் தெரியும், எண்ணெய்ச் சட்டி வெச்சா ஆபத்து. சென்சாருக்குப் பதிலா ரெசிஸ்டர் சொருகுற வேலையும் வேணாம்.

சென்சார் நல்லா இருந்தும் எரர் வந்தா போர்டு கோளாறு, அதுல நானும் கை வெக்க மாட்டேன், ரிப்பேர் கடையில குடுத்துடுங்க. வாரண்டி இன்னும் ஓடுதுன்னா ஸ்க்ரூவையே தொடாதீங்க.