ராமாயியும் கந்தையாவும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலை விழாவில், ஊர் ஆட்களின் பெயர்களைப் பிரித்து வேடிக்கையாக அர்த்தம் எழுதி வாசித்தேன். ‘கந்தையா: கந்தை கட்டிய ஐயா’ என்றதும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கந்தையா தாத்தா மட்டும் எழுந்து போய்விட்டார். எந்நேரமும் தோளிலும் காலிலும் பேரப்பிள்ளைகள் தொங்கத் திரிகிறவர். என்னையும் தூக்கி வளர்த்தவர். பெயரை வைத்து விளையாடுவதே பிழையா?

ஒரு வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள தங்கச்சி,

பிழையே இல்லை. சொல்லை உடைத்து வேறு பொருள் எடுப்பதற்கு அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் ‘பிரிமொழிச் சிலேடை’ என்று பெயரே வைத்திருக்கிறது. காளமேகம் அதில் சிலம்பம் ஆடியவர். நீங்களும் தாராளமாக ஆடுங்கள்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ராமாயி என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: ரா, மா, ஆயி. ராவோடு ராவாக எழும்பி மாப் பிசையும் ஆயி! விடியுமுன் அடுப்பு மூட்டி, கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டி, பிள்ளைகளுக்கு மூடி வைத்துவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஓடுகிறவர்கள். புணர்ச்சி விதி கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், சரி. ஆனால் இதைக் கேட்டால் மூன்று ராமாயிகளும் சிரிப்பார்கள், அவர்கள் கை செய்த வேலை அதில் இருக்கிறது.

கந்தை அப்படியல்ல. வறுமை தாத்தா கேட்டு வாங்கியதா? நிறமும் உடம்பும் அதே மாதிரிதான், அவற்றைத் தொடாதீர்கள். நம் ஆட்களின் பெயர் ஏற்கெனவே நிறையப் பட்டுவிட்டது. காதில் விழுந்தபடி யாரோ பதிவேட்டில் எழுதிவைத்த ஒரு எழுத்துப் பிழைக்காக, என் அப்பா தன் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க இரண்டு வருசம் நடந்தார். ஒவ்வொரு மேசையிலும் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிச் சொல்லியே அவர் குரல் தேய்ந்தது.

அப்புறம், கந்தையாவை இன்னொரு விதமாகவும் பிரிக்கலாம்: கந்து + ஐயா. இங்கே புணர்ச்சியும் சரியாகவே இருக்கிறது. கந்து என்றால் யானை கட்டும் தூண். இப்படி எழுதுங்கள்:

‘கந்தையா: எத்தனை குட்டி யானைகள் தொங்கினாலும் ஆடாத தூண்.’

நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்டு, இதை வாசித்துக் காட்டுங்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

அன்புடன்,
அண்ணன்