சீனி, உப்பு, ஆங்கிலம்: வாசகர் கேள்வி பதில்

உணவு, உடல்நலம் தொடர்பான ஆங்கிலச் சொற்களைக் கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: சாப்பாடு, சத்து, நோய் பற்றிய ஆங்கிலச் சொற்களைப் படிக்க நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள். எனக்கு ஆங்கிலம் குறைவு. மலாய் நன்றாக வரும். *வாசகி, செந்தூல்*

பதில்: மலாய் வரும் என்கிறீர்களே, அப்புறம் எதற்கு அம்மா புத்தகம்? உங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுங்கள். பின்பக்கத்துச் சத்து அட்டவணையில் பெரும்பாலும் மலாயும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 'தெனாகா' என்றால் 'எனர்ஜி', 'லெமாக்' என்றால் 'ஃபேட்', 'லெமாக் தெப்பு' என்றால் 'சாச்சுரேட்டட் ஃபேட்', 'குலா' என்றால் 'சுகர்ஸ்'. ஆங்கிலப் பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு, மலாயைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு பாக்கெட் போதும். நாசி லெமாக்கில் வரும் 'லெமாக்' தேங்காய்ப்பாலின் செறிவான ருசியைக் குறிப்பது, அட்டவணையில் வருவது கொழுப்பு. நாசி லெமாக்கில் இரண்டுமே தாராளம் என்பது வேறு விஷயம்.

ஒரே ஒரு ஜோடி பலரைக் குழப்புகிறது. மலாயில் 'நாத்ரியம்', ஆங்கிலத்தில் 'சோடியம்'. இரண்டும் ஒரே பொருள்தான். சோடிய அளவை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு மீ பாக்கெட்டில் சோடியம் 1,200 மில்லிகிராம் என்று இருந்தால், அது 3 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்கட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு வேளை மீயிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கற்க வேண்டிய சொல் 'செர்விங் சைஸ்', அதாவது ஒரு தடவை சாப்பிடுவதாகக் கம்பெனி கணக்கிட்ட அளவு. தவறு நடப்பதே இங்கேதான். 'பெர் செர்விங்' என்ற பத்தியில் சீனி 8 கிராம் என்று பார்த்து நிம்மதி அடைவோம். ஒரு செர்விங் 30 கிராம் என்பதைக் கவனிக்க மாட்டோம். 150 கிராம் பாக்கெட்டில் பாதியைத் தே தாரிக்கோடு முடித்தால் உள்ளே போனது 20 கிராம் சீனி, ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது 'பெர் 100 கிராம்' பத்தியை மட்டும் பாருங்கள். செர்விங் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நூறு கிராம் மாறாது.

'இன்கிரீடியன்ட்ஸ்', அதாவது சேர்த்த பொருள்களின் பட்டியல் எடை வரிசைப்படி இருக்கும். அதிகம் உள்ளது முதலில் வரும். 'குளுக்கோஸ் சிரப்', 'டெக்ஸ்ட்ரோஸ்', 'ஃபிரக்டோஸ்' மூன்றும் சீனியின் சொந்தக்காரர்கள். தனித்தனியாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: 'நோ ஆடட் சுகர்', 'சுகர் ஃபிரீ', 'லெஸ் சுகர்' எல்லாம் ஒன்றுதானே? அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது. *வாசகர், ஆயர் ஈத்தாம்*

பதில்: மூன்றும் மூன்று. 'சுகர் ஃபிரீ' என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சீனி 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. 'நோ ஆடட் சுகர்' என்றால் தயாரிக்கும்போது சீனி சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஆரஞ்சுப் பழச்சாற்றில் பழத்தின் சீனி அப்படியே இருக்கும், அப்பாவின் இரத்தத்தில் அதுவும் ஏறும். 'ரெடியூஸ்ட் சுகர்' அல்லது 'லெஸ் சுகர்' ஒப்பீட்டுச் சொல். வழக்கமான பொருளைவிடக் குறைந்தது 25 விழுக்காடு குறைவு என்று பொருள். வழக்கமானதில் 20 கிராம் இருந்தால் இதில் 15 கிராம் இருக்கலாம். அதை யாரும் குறைவு என்று சொல்ல மாட்டார்கள்.

'சுகர் ஃபிரீ' பிஸ்கட்டிலும் மாவு உண்டு. ஆகவே 'கார்போஹைட்ரேட்' வரியையும் அப்பாவுக்காகப் பாருங்கள். இனிப்புக்கு 'மால்ட்டிட்டோல்' சேர்த்திருந்தால் அதிகம் சாப்பிடும்போது வயிற்றைக் கலக்கும்.

பானங்களுக்கு ஓர் அளவுகோல்: 100 மில்லிலிட்டரில் 5 கிராம். அதற்கு மேல் சீனி உள்ள டின், பாட்டில் பானங்கள் மீதுதான் 2019 ஜூலை 1 முதல் மலேசிய அரசாங்கம் கலால் வரி போட்டது. பால் கலந்ததற்கும் பழச்சாற்றுக்கும் வரம்பு வேறு. டீக்கு ஊற்றும் டின்னையும் திருப்பிப் பாருங்கள். 'ஸ்வீட்டன்ட் க்ரீமர்' என்பது பெரும்பாலும் செம்பனை எண்ணெய் கலந்தது, 'கண்டென்ஸ்ட் மில்க்' வேறு. இரண்டிலுமே சீனி அதிகம்.

கேள்வி: அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போவது நான்தான். டாக்டர் வேகமாக ஆங்கிலத்தில் பேசும்போது எந்தச் சொற்களைத் தவறவிடக் கூடாது? *வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்*

பதில்: முதலில் 'கட் டவுன் ஆன்', 'கட் அவுட்'. முன்னது குறைக்கச் சொல்வது, பின்னது அறவே நிறுத்தச் சொல்வது. 'கட் டவுன் ஆன் ரைஸ்' என்று சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மாவின் சோற்றையே நிறுத்தினால், மருந்து மட்டும் உள்ளே போய்ச் சீனி தாழ்ந்து மயக்கம் வரலாம். அந்தத் தாழ்ந்த நிலைக்குப் பெயர் 'ஹைப்போ', உயர்ந்த நிலைக்கு 'ஹைப்பர்'. காதில் ஒரே மாதிரி விழும். சந்தேகம் வந்தால் 'லோ ஆர் ஹை, டாக்டர்?' என்று கேட்டுவிடுங்கள்.

'ஃபாஸ்டிங்' நம் விரதம் மாதிரி இல்லை. விரதத்தில் பாலும் பழமும் உண்டு. இரத்தச் சோதனைக்கான ஃபாஸ்டிங்கில் குறைந்தது 8 மணி நேரம் 'பிளெய்ன் வாட்டர்' மட்டுமே. சீனி போடாத கோப்பி ஓவும் வேண்டாம். காலை மருந்தைப் போடலாமா என்று முந்திய வருகையிலேயே கேட்டு வையுங்கள். 'ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்' என்று மருந்து உறையில் இருந்தால் வெறும் வயிற்றில், 'ஆஃப்டர் ஃபூட்' என்றால் சாப்பிட்ட பிறகு.

ரிசல்ட்டில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் மகிழ வேண்டாம், தேடியது இருக்கிறது என்று பொருள். ஸ்கேனில் 'அன்ரிமார்க்கபல்' என்று எழுதியிருந்தால் பயப்படவும் வேண்டாம். குறிப்பிட்டுச் சொல்லும்படி கோளாறு எதுவும் தென்படவில்லை என்பதுதான் அது.

எண்களிலும் ஒரு சிக்கல். இங்கே இரத்தத்தில் உள்ள சீனியை 'மில்லிமோல்' கணக்கில் தருகிறார்கள். தமிழ்நாட்டுக் காணொளிகளில் 'மில்லிகிராம்' கணக்கு. அம்மாவின் சீட்டில் 7 என்று இருக்க, காணொளி 126 என்று பேசினால் குழம்பாதீர்கள், இரண்டும் ஒன்றே. சீட்டில் உள்ள எண்ணைச் சீனிக்கு 18ஆல் பெருக்குங்கள். கொலஸ்ட்ராலுக்கு 38.7. சீனியின் பெருக்கலைக் கொலஸ்ட்ராலுக்குப் போட்டால் விடை பாதிக்கும் கீழே போய்விடும்.

கேள்வி: 'ஐ ஹேவ் கேஸ்ட்ரிக்', 'டூ ஹீட்டி', 'ஈட் மெடிசின்' என்று நான் பேசுவதைக் கேட்டு, ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேத்தி சிரிக்கிறாள். என்ன தவறு? *வாசகர், ஜெலுத்தோங்*

பதில்: ஜெலுத்தோங்கில் பேசும்வரை ஒரு தவறும் இல்லை ஐயா, எல்லாருக்கும் புரியும். வெளியூர் டாக்டரிடம் பேசும்போதுதான் சிக்கல். 'கேஸ்ட்ரிக்' என்றால் 'வயிறு சார்ந்த' என்று மட்டுமே அவருக்குப் படும். 'ஐ ஹேவ் கேஸ்ட்ரைட்டிஸ்' அல்லது 'எ பர்னிங் பெய்ன் இன் மை ஸ்டமக்' என்று சொல்லுங்கள். எரிச்சலா, வலியா, உப்புசமா என்று பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது. உப்புசத்துக்கு 'புளோட்டட்'.

'ஹீட்டி' நம் ஊர்ச் சரக்கு. டுரியான் தின்றால் சூடு என்பதை அவர்களுக்கு ஒரே சொல்லில் விளக்க முடியாது. சூட்டினால் என்ன வந்ததோ அதைச் சொல்லுங்கள்: வாய்ப்புண் என்றால் 'மௌத் அல்சர்', தொண்டைக் கரகரப்பு என்றால் 'சோர் த்ரோட்'. தமிழில் மருந்து சாப்பிடுகிறோம், மலாயில் 'மாக்கான் உபாட்', அதனால் 'ஈட்' தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மருந்துக்கு 'டேக்'.

கேள்வி: எஸ்பிஎம் ஆங்கிலத் தாளில் உடல்நலம் பற்றி எழுத எத்தனை சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும்? *மாணவி, செராஸ்*

பதில்: எண்ணிக்கையை விடு தங்கை, குடும்பம் குடும்பமாகப் படி. 'நியூட்ரிஷன்' சத்துணவு என்ற துறை, 'நியூட்ரியன்ட்' தனிச் சத்து, 'நியூட்ரிஷஸ்' சத்தான, 'மால்நியூட்ரிஷன்' சத்துக்குறை. நான்கையும் நான்கு வாக்கியத்தில் எழுதிப் பார். 'ஐ யம் இன் டயட்' என்று எழுதாதே, 'ஆன் எ டயட்'. 'அட்வைஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கிடையாது. பேச்சுத் தேர்வில் 'வெஜிடேபிள்' என்று மேசையை இழுத்து வராதே, 'வெஜ்டபல்'. 'சால்மன்' மீனில் 'எல்' ஒலிக்காது, 'சாமன்'.

கேள்வி: 'டயட்டிஷியன்', 'நியூட்ரிஷனிஸ்ட்' யாரிடம் போவது? *வாசகி, பட்டர்வொர்த்*

பதில்: நோய் இருந்து, அதற்கேற்ற சாப்பாட்டுத் திட்டம் வேண்டுமென்றால் டயட்டிஷியன். மருத்துவமனையில் 'பெகாவாய் டயட்டெட்டிக்' என்று கேளுங்கள். நியூட்ரிஷனிஸ்ட்டின் வேலை பெரும்பாலும் நோயில்லாதவர்களுக்கும் சமூகத்துக்கும் சத்துணவு ஆலோசனை சொல்வது. அரசாங்க கிளினிக்கில் 'கேன் யூ ரெஃபர் மீ டு எ டயட்டிஷியன்?' என்று டாக்டரிடம் கேட்டு, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது மூன்று நாள் சாப்பிட்டதை, குடித்த டீயையும் சேர்த்து, நேரத்தோடு எழுதி எடுத்துப் போனால் முதல் சந்திப்பிலேயே வேலை தொடங்கும்.