நாலு பேர் முன்னால் பேசாத பெண் டீம் லீட் ஆக முடியுமா?

கேள்வி: என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மார்க்குக்குக் குறைவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டாள். லீடர்ஷிப் இல்லாவிட்டால் கம்பெனியில் மேலே வர முடியாது என்று கல்லூரியில் சொல்கிறார்களாம். வார இறுதி ஆளுமைப் பயிற்சி ஒன்றுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? - ஒரு தந்தை, சேலம்

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம் ஐயா. மேடைக் கூச்சம் போக அந்த வகுப்பு கொஞ்சம் உதவலாம். ஆனால் அதைத் தலைமைப் பண்பு என்று பெயர் போட்டு விற்கிறார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

தலைவர் என்றாலே குரல் பெரிதாக இருக்க வேண்டும், மைக் கிடைத்தால் விடக்கூடாது என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். பள்ளிக்கூடத்திலேயே லீடரின் வேலை, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதானே! அலுவலகத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. ஒரு வேலை கெட்டுப்போகப் போகிறது என்பது பெரும்பாலும் கீழே இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். டெஸ்டிங்கில் இருக்கும் புதுப் பையன் செவ்வாய்க்கிழமையே பார்த்துவிடுவான். மேனேஜருக்கு வெள்ளிக்கிழமை மாலை வாடிக்கையாளர் போன் செய்து திட்டிய பிறகுதான் தெரியும். நடுவில் மூன்று நாள் அந்தப் பையன் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான்? போன தடவை சொன்னபோது என்ன கிடைத்தது என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. கெட்ட செய்தி யாரிடம் சீக்கிரம் வந்து சேர்கிறதோ, அவரைத்தான் நான் நல்ல லீடர் என்பேன்.

இந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்தது விமானத் துறை. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் டெனெரிஃப் விமான நிலையம். ஒரே மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747-ஐ ஓட்டியவர், அந்த நிறுவனத்திலேயே மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற மூத்த கேப்டன். அவர் புறப்பட முனைந்தபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி ஒரு முறை நினைவூட்டினார். கேப்டன் நிறுத்தினார். சற்று நேரத்தில், புறப்படும் அனுமதி வராமலேயே மறுபடி கிளம்பினார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. ஓடுபாதையில் எதிரே இருந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதின. செத்தவர்கள் 583 பேர். மூடுபனி, ரேடியோவில் குழப்பம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் சந்தேகம் வந்த ஒருவர் அந்த அறைக்குள்ளேயே இருந்தார் என்பதை மறக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில், லேண்டிங் கியரில், அதாவது தரையிறங்கும் சக்கரங்களில், வந்த கோளாறைப் பார்த்துக்கொண்டே வானில் சுற்றிய ஒரு யுனைடெட் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்பது விமானி அறையில் தெரிந்துதான் இருந்தது. கேப்டனுக்கு உறைக்கும்படி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் கேப்டன்களுக்குக் காது கொடுக்கவும், மற்றவர்களுக்கு வாய் திறக்கவும் தனியாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். 1989-ல் அதே யுனைடெட் நிறுவனத்தின் 232-ம் எண் விமானத்தில் வால் பகுதி இன்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றும் போய்விட்டன. வழக்கமான முறையில் விமானத்தைத் திருப்பவே வழியில்லை. கேப்டன் அல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரை உள்ளே கூப்பிட்டு, இன்ஜின் விசையையே அவர் கையில் கொடுத்துவிட்டார். விமானி அறையில் இருந்த நாலு பேரும் பேசிப் பேசி, அமெரிக்காவின் சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். இறங்கும்போது விமானம் நொறுங்கியது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது என்று ஹெய்ன்ஸ் பிற்பாடு பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

விமானக் கதை எதற்கு, நம்மது ஐடி வேலைதானே என்று கேட்பீர்கள். கூகுளே தன் மேனேஜர்களில் நல்லவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆராய்ந்து எட்டுக் குணங்களைப் பட்டியல் போட்டது. தொழில்நுட்பத் திறமை அதில் கடைசி. முதலில் வந்தது, கூட இருப்பவரை வளர்த்துவிடுவது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். அடுத்த வருடம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வரும். நாலு பேர் ஒரு குழு. வழக்கமாக ஒருத்தி இரவெல்லாம் உட்கார்ந்து முடிப்பாள், மற்றவர்கள் ஸ்லைடில் பெயர் போட்டுக்கொள்வார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் விழுகிற குழி இது. அவளிடம் ஒன்று சொல்லுங்கள்: வாரம் ஒரு நாள் நாலு பேரும் உட்காரும்போது, "எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு எல்லோரும் "முடிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "எது நிக்குது, எங்க மாட்டிக்கிட்ட?" என்று கேட்கட்டும். யாராவது உண்மையைச் சொன்னால், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று முகத்தைச் சுளிக்காமல், சேர்ந்து சரி பண்ணட்டும். வேலையைப் பிரித்துக் கொடுத்த பிறகு பின்னாலேயே போய் அதைத் தானே எழுதிவிடக் கூடாது. இதற்குக் கணீர்க் குரல் தேவையில்லை. யார் எந்தப் பகுதியைச் செய்தார்கள், எங்கே தடை வந்தது, எப்படித் தீர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். நேர்முகத் தேர்வில் "நீங்கள் தலைமை தாங்கிய ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள்" என்ற கேள்வி அடிக்கடி வரும். கல்சுரல்ஸில் மைக் பிடித்ததைவிட அந்த நோட்டில் இருப்பது நன்றாக எடுபடும்.

குரூப் டிஸ்கஷன் பற்றியும் பயப்படுவாள். அங்கே நாலு தடவை கத்துவதைவிட, இரண்டு தடவை பொருத்தமாகப் பேசினால் போதும். ஒரு தடவை தன் கருத்து. இன்னொரு தடவை, பேச முயன்று முடியாமல் போன ஒருவரை "அவங்க ஏதோ சொல்ல வந்தாங்க" என்று உள்ளே கொண்டுவருவது. மதிப்பெண் போடுகிறவர் அதைக் குறித்துக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் கல்லூரி சொல்வது சரி. பேசவே பேசாமல் காலம் தள்ள முடியாது. அவள் எதிரே இருப்பவர் கேப்டனாகவே இருந்தாலும், தப்பைப் பார்த்தால் இரண்டாவது தடவையும் சொல்லப் பழக வேண்டும். வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீங்கள் ஏதாவது முடிவு எடுக்கும்போது அவள் மறுத்துப் பேசினால், முழுசாகச் சொல்லி முடிக்க விடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம் வேலை கிடைக்கும் சமயத்தில் சம்பளத்தோடு இன்னொன்றையும் விசாரியுங்கள். அதே கம்பெனியில் இருக்கும் சீனியர் யாரையாவது பிடித்து, "உங்க டீமில் யாராவது தப்பு பண்ணினால் லீடிடம் போய்ச் சொல்வீர்களா, மறைப்பீர்களா?" என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். சட்டென்று பதில் வந்தால் நல்லது. சீனியர் யோசிக்க ஆரம்பித்தால், வேறு ஆஃபர் கையில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.