மூன்று முறை ஃபார்மேட் செய்தும் விண்டோஸ் ஃபைல் கெடுகிறதா?

கேள்வி: அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஐந்து வருடப் பழைய அசெம்பிள் கம்ப்யூட்டர், சாட்டா எஸ்.எஸ்.டி. (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்) போட்டது. எட்டு மாதம் முன்பு, ஏற்கெனவே இருந்த 8 ஜிபி ராமோடு பழைய ராம் ஒன்று 8 ஜிபி வாங்கிச் சேர்த்தேன். சில மாதங்களாக அடிக்கடி நீலத்திரை வருகிறது. விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்.எஃப்.சி. ஸ்கேன் ஓட்டினால் கெட்ட ஃபைல்களைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறது. பத்தே நாளில் மறுபடி கெடுகிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் மூன்று முறை 600 ரூபாய் வாங்கி ஃபார்மேட் செய்தார். இப்போது எஸ்.எஸ்.டி.யை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நான்காவது ஃபார்மேட்டும் வேண்டாம். விண்டோஸ் ஒருமுறை கெட்டால் ஃபார்மேட் செய்வதில் அர்த்தம் உண்டு. பத்து நாளுக்கு ஒருமுறை கெட்டால் கோளாறு விண்டோஸில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. கூரை ஒழுகும்போது தரையைத் துடைக்க மூன்று முறை கூலி கொடுத்திருக்கிறீர்கள்.

என் சந்தேகம் அந்த இரண்டாவது ராம் மேல்தான். எந்த ஃபைலும் நேராக டிஸ்குக்குப் போவதில்லை, ராம் என்ற தற்காலிக நினைவகத்தின் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரே ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டாலும் டிஸ்கில் தப்பானதுதான் எழுதப்படும், டிஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. அதோடு, ஃபைல் கெட்டிருக்கிறதா என்று எஸ்.எஃப்.சி. பார்ப்பதும் அதே ராமில் வைத்துத்தான். அதனால் நல்ல ஃபைலையே கெட்டது என்று சொல்லும். சரிசெய்கிறேன் என்று கெட்டதை எழுதியும் வைக்கும். இந்த ராமில் இருந்துகொண்டு பேக்கப் எடுத்தால் அந்த நகலும் கெடலாம். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டி உங்கள் ஃபைல்களை எடுத்து வையுங்கள். அதுவரை, டிஸ்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள்.

அப்புறம் வீட்டிலேயே ஒரு சோதனை. 4, 5 ஜிபி அளவுள்ள ஒரு ஜிப் ஃபைலை செவன்-ஜிப்பில் திறந்து, ‘டெஸ்ட்’ என்பதை ஐந்து முறை அழுத்துங்கள். ஒருமுறை சரி, மறுமுறை சி.ஆர்.சி. பிழை (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்று மாறி மாறி வந்தால் பெரும்பாலும் ராம்தான். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிழை வந்தால் அந்த ஃபைலோ டிஸ்கோ கெட்டிருக்கிறது.

அடுத்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேர். இலவசம்தான். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிடுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி சோதனை பல கோளாறுகளைத் தவறவிடும், அதை நம்ப வேண்டாம். காலையில் திரையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் ராம் தேறவில்லை என்றுதான் அர்த்தம். ‘ஒண்ணுதானே சார்’ என்பார்கள், விட்டுவிடாதீர்கள். பிழை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு ராமையும் கழற்றுங்கள். பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டு மறுபடி ஓட்டுங்கள். தனித்தனியாகத் தேறி, சேர்த்துப் போட்டால் தோற்றால், பெரும்பாலும் அந்த ஜோடி ஒத்துப்போகவில்லை. பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்கில்) எக்ஸ்.எம்.பி. என்ற, ராமை வேகமாக ஓடவைக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்து பாருங்கள்.

ராம் தேறிவிட்டால்தான் டிஸ்க். டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரில் ஹெல்த் ‘குட்’ என்று இருக்கிறதா, சி7 என்ற வரி (டேட்டா போய்வரும்போது வந்த பிழைகளின் எண்ணிக்கை) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சி7 கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிள்தான். அந்த எண் ஒருபோதும் குறையாது. அதனால் குறித்து வைத்துவிட்டுக் கேபிளை மாற்றுங்கள், அதற்கு மேல் ஏறாவிட்டால் சரியாகிவிட்டது. சின்னக் கேபிள் போதுகிற இடத்தில் எத்தனை பேர் எஸ்.எஸ்.டி. வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா! எல்லாம் தேறியும் கெட்டால் கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை (மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றிப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது, ஆனால் படிக்கும் மற்றவர்கள் இதனால் அலைகிறார்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில், அதிக வோல்டேஜ் வாங்கிப் பிராசஸரே தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. ராம் தேறும், டிஸ்க் தேறும், ஆனாலும் ஜிப் விரியாது, சாஃப்ட்வேர் ஏறும்போது பாதியில் நிற்கும். 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் தந்தது. பயாஸ் அப்டேட் செய்தால் அது வந்துவிடும். ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததை அப்டேட் குணமாக்காது. பிராசஸரைத்தான் மாற்ற வேண்டும். அதற்காகவே வாரன்ட்டியை 2 ஆண்டு நீட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் ‘வாரன்ட்டி முடிஞ்சுபோச்சு’ என்றால் நீங்களே இன்டெலிடம் கேளுங்கள்.

இனி கடைக்காரர் விஷயம். புது எஸ்.எஸ்.டி. என்று எதைத் தந்தாலும், கடையிலேயே மாட்டச் சொல்லி, கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோவில் ‘பவர் ஆன் அவர்ஸ்’ (ஓடிய மணி நேரம்) பாருங்கள். புதியதில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியிருக்காது. அந்த எண்ணை அழித்து விற்பவர்களும் உண்டு. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் ஹார்டு டிஸ்குகளைக் கணக்கை அழித்துப் புதியதென்று விற்றது அம்பலமானது. அதனால் சீரியல் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். பெரிய பிராண்ட் ராமுக்குப் பல ஆண்டு வாரன்ட்டி இருக்கும், ஆனால் துண்டுச் சீட்டோடு போனால் சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாங்கியவர் அலைய வேண்டும், விற்றவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். இன்னொன்றும் உண்டு: பிட் புரண்டால் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ஈ.சி.சி. ராம் பல ஆண்டுகளாகச் சர்வர்களில் இருக்கிறது, நம் கடை மேசைக்கு அதைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தருவதில்லை.

கெட்ட பொருளை மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை ஃபார்மேட் செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம். ஒரு மாதம் வாரம் ஒருமுறை எஸ்.எஃப்.சி. ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பொருள் எதுவானாலும் கடையில் விட்டுவராமல் கையோடு கொண்டு வந்துவிடுங்கள்.